எட்டு மணி சீரியலுக்கு ஜட்ஜம்மா சொன்ன தீர்ப்பு

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி, துணி மடிக்கிற அறை இருந்தது. பக்கத்தில் உலர்த்தும் இயந்திரங்கள் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியதால், அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். படுக்கை விரிப்பை ஒருத்தியால் தனியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, இழுத்து, கிட்டே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்தாக வேண்டிய வேலை. வாயை மூடிக்கொண்டு எப்படிச் செய்வது?

அவர்கள் பேசியது சீரியலைப் பற்றி. முந்தின நாள் எட்டு மணிக்கு வந்தது, மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் அந்த அறையில் விசாரணைக்கு வந்துவிடும். தீர்ப்புச் சொல்வது ஜட்ஜம்மா. ஐம்பத்து நாலு வயது; கணவர் பஸ் டிரைவர். அந்தப் பெயரை வைத்தவர் பெரிய உருளை இஸ்திரியை ஓட்டுகிற இஸ்திரிக்காரர். அவர் சீரியலே பார்ப்பதில்லையாம். வீட்டுக்காரி பார்க்கும்போது காதில் விழுவதோடு சரியாம். காதில் விழுந்ததை வைத்தே கதாநாயகி போட்டிருந்த கம்மலின் நிறம்வரை சொல்லிவிடுவார். இன்னொருத்தி போன வருஷம் கல்யாணமான சின்னவள். அவளுக்கு எல்லோர் மேலும் இரக்கம். வில்லன் இருமினால்கூட "பாவம்க்கா" என்பாள். ஜட்ஜம்மா அப்படியில்லை. "அவ பண்ணது தப்பு" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நாலாவது ஆள் தையலக்கா. காலையில் விரிப்பு மடிப்பாள், மதியத்துக்கு மேல் பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்து கிழிந்ததைத் தைப்பாள். இரண்டு வருஷமாக ஜட்ஜம்மாவுக்கு எதிர்முனை பிடிக்கிறவள் அவள்தான். வாடகை அறையில் தனியாக இருக்கிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அவளும் சீரியல் பார்க்கிறாள் என்பது அவள் சிரிக்கிற இடத்தை வைத்துத் தெரியும். கருத்து என்று ஒன்றும் சொன்னதில்லை.

அந்த மாதம் சீரியலில் பழைய கதையைத் திறந்தார்கள். கதாநாயகியின் அம்மா செத்துப்போனதாக அதுவரை சொல்லிவந்திருந்தார்கள். சாகவில்லையாம். மகள் ஆறு வயதில் தூங்கிக்கொண்டிருந்தபோது விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனவள், இப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வாசலில் வந்து நிற்கிறாள்.

மடிக்கிற அறையில் மூன்று நாள் இதே பேச்சு. சின்னவள் வழக்கம்போல் பாவம் என்றாள். இஸ்திரிக்காரர், என்ன கஷ்டமோ யார் கண்டது என்றார். ஜட்ஜம்மா விடவில்லை. பெற்றதை விட்டுவிட்டுப் போனவளுக்குக் கண்ணீர் ஒரு கேடா என்று கேட்டாள். அவளை வாசற்படி ஏற விடக்கூடாது, மகளே வந்து கதவைச் சாத்த வேண்டும் என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது, அது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அண்ணி ஐந்து வயதுப் பெண்குழந்தையை விட்டுவிட்டுப் போனவள். அண்ணன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பத்து மாதம் கடலில். குழந்தையை எடுத்து வளர்த்தது ஜட்ஜம்மாதான். அண்ணன் மாரடைப்பில் போய் மூன்று வருஷமாகிறது. அண்ணன் மகள் இன்றைக்கும் அத்தை வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் இந்த விஷயத்தில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள் அந்தத் தாய் பஸ் ஏறிய காட்சியை விலாவாரியாகக் காட்டியிருந்தார்கள். சின்னவள் அழுததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜட்ஜம்மா விரிப்பை உதறியபடியே எதிரில் இருந்தவளிடம், நீயும்தான் தினம் பார்க்கிறாய், ஒரு நாளாவது வாயைத் திற, உன் தீர்ப்பு என்ன என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"எனக்கு அந்த பஸ் ஸ்டாண்ட் சீன் பிடிக்கல," என்றாள் தையலக்கா.

"ஏன்? நல்லாத்தானே நடிச்சா."

"மூணு தடவை திரும்பிப் பார்க்கிறா. அப்படிப் பார்க்க முடியாது. பார்த்தா பஸ் ஏற முடியாது. காலைப் பார்த்துக்கிட்டேதான் நடக்கணும்."

இதையெல்லாம் அந்த டைரக்டருக்கு யார் சொல்வது என்றார் இஸ்திரிக்காரர். சின்னவள் தலையாட்டினாள். அவர்களுக்கு அது ஒரு சீனைப் பற்றிய பேச்சு. ஜட்ஜம்மாவும் தையலக்காவும் முனையோடு முனை சேர்க்கக் கிட்டே வந்த நேரம் அது. ஒரு முழ தூரத்தில் அந்த முகம். கண்ணில் தண்ணீர் இல்லை, உதடு நடுங்கவில்லை. ஆனால் இவள் சொன்னது தன் கதையைத்தான் என்று ஜட்ஜம்மாவுக்குப் பிடிபட்டது. முனையை வாங்கிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். மூன்று நாளாகத் தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கண்ணீர் ஒரு கேடா. வாசற்படி. கதவு. எல்லாவற்றையும் இவள் முகத்துக்கு நேரே நின்றல்லவா சொன்னோம்.

சனிக்கிழமை விசாரணை நடக்கவில்லை. ஜட்ஜம்மா லீவில் போய்விட்டாரா என்று இஸ்திரிக்காரர் சீண்டிப் பார்த்தார். தலைவலி என்று சொல்லித் தப்பித்தாள்.

திங்கட்கிழமை மதியம் கிழிந்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு தையல் அறைக்குப் போனாள். என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தாள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. தையலக்கா இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள்.

"உங்க அண்ணன் பொண்ணு, அவங்க அம்மா போனப்புறம் எவ்வளவு நாள் தேடினா?"

சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் மறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நாக்கு வரை வந்தது. கேட்டவள் அதற்காகக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு வாரம் கேட்டா. அப்புறம் வாய்விட்டுக் கேட்கல. தலை சீவ மட்டும் விடமாட்டா. அம்மா போட்ட பின்னல், அவிழ்க்கக் கூடாதுன்னு கையால பொத்திக்குவா. ஒன்பது நாள். சிக்கு விழுந்துடுச்சு. கத்தரிக்கத்தான் வேண்டியிருந்தது."

இயந்திரம் நின்றது. தையலக்கா ஊசிக்கு அடியில் இருந்த துணியை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"எனக்குப் பையன். அப்ப நாலு வயசு. இப்ப இருபத்தி ரெண்டு."

ஜட்ஜம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையலக்கா ரொம்ப ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருக்க மாட்டாளாம். பையனைத் தூக்கிக்கொண்டு போக ஒரு திக்கு இல்லையாம். "இதைச் சொல்றதால அது நியாயமாயிடாது. நீங்க சொன்னதுல பாதி நானே எனக்குச் சொல்லிக்கிட்டதுதான்," என்றாள்.

போன் பண்ணிப் பார்க்கவில்லையா என்று ஜட்ஜம்மா கேட்டாள்.

"மூணு தடவை பண்ணேன். அவரோட அக்கா எடுத்தாங்க. பையன் தூங்குறான்னாங்க. மூணு தடவையும் தூங்குறான். ஒரு தடவை காலைல பதினோரு மணி." அவள் லேசாகச் சிரித்தாள். "அப்புறம் பண்ணல. அவனே வேண்டாம்னு சொல்லியிருப்பானோன்னு நினைச்சுட்டேன்."

ஜட்ஜம்மாவுக்குக் காது மடல் சுட்டது. கொண்டுவந்த துணியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

யாருக்கும் தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது. அண்ணன் மகளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு தடவை அண்ணியிடமிருந்து போன் வந்தது. முதல் தடவை, குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று ஜட்ஜம்மா சொன்னாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டாம் தடவை, இனிமேல் கூப்பிடாதே என்றாள். ஆனாலும் என்னவோ தோன்றி, அந்த எண்ணைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் குறித்து அலமாரியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அண்ணியின் மேல் அண்ணனின் கை நீளும். ஊரில் இருக்கிற அந்த இரண்டு மாதமும் அடுத்த வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் அவளுக்கு எல்லாம் கேட்கும். தீர்ப்புச் சொல்லும்போது அந்தச் சாட்சியை மட்டும் அவள் எடுத்ததே இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் மகள் வேலையிலிருந்து வந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிற வேலை. நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைத்தூள் இருக்கும். அவள் கைகழுவி டீயோடு உட்கார்ந்ததும், ஜட்ஜம்மா அட்டையை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். டிவியை யாரும் போடவில்லை. பஸ் டிரைவர் எழுந்து போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் பெண்.

"நீ எந்த கிளாஸ் படிக்கிறேன்னு கேட்டா."

"சொன்னீங்களா?"

"இல்லம்மா."

பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்து எண்ணை அழுத்தினாள். யாரோ ஒரு பெரியவர் எடுத்தார். ஒன்பது வருஷமாக இது தன்னுடைய எண் என்றும், அப்படி யாரையும் தெரியாது என்றும் பொறுமையாகச் சொன்னார். அவள் நன்றி சொல்லி வைத்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவை ஓங்கிச் சாத்தியிருந்தால்கூட ஜட்ஜம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சத்தமே இல்லாமல் சாத்தினாள்.

மறுநாள் காலை, விரிப்பு மடிக்கும்போது மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஜட்ஜம்மா தையலக்காவிடம் சொன்னாள். "நீ மறுபடி பண்ணு. இல்ல நேரா போ. எடுக்கிறவங்க சொன்னதை நம்பாத. நானும் அப்படிச் சொன்னவதான். அந்தப் பிள்ளைக்கு நீ கூப்பிட்டதே தெரிஞ்சிருக்காது."

தையலக்கா கையிலிருந்த முனைகளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நாலு வயதுப் பையனின் வீட்டில் போனை எடுத்தவளே எதிரில் நிற்பது போல் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அந்த விரிப்பை முடித்துவிட்டுச் சின்னவளோடு ஜோடி மாற்றிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க ஜட்ஜம்மாவுக்கு எதிரே நின்றது சின்னவள்தான். அவள் மடிக்கிற விரிப்பு ஒன்றுகூட நேராக வரவில்லை. அதைக் குறை சொல்லவும் ஜட்ஜம்மாவுக்குத் தெம்பு இல்லை.

வீட்டிலும் பேச்சு இல்லை. பெண் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் மாமா வழியாகத்தான். ஊர் முழுக்க ஆளை ஏற்றி இறக்குகிறேன், வீட்டுக்குள்ளும் எனக்கு இதே டிரிப்பா என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

சீரியல் அதுபாட்டுக்கு ஓடியது. கல்யாண மேடையில் மகள் தாயைக் கட்டிக்கொண்டாள். பாட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை இஸ்திரிக்காரர், அந்தத் தாயைச் சேர்த்துக்கொண்டது சரியா தப்பா என்று ஜட்ஜம்மாவைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றாள் அவள். அவர் உருளையை நிறுத்திவிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று நிஜமாகவே விசாரித்தார்.

அடுத்த வாரம் தையலக்கா பழைய இடத்துக்கு வந்து முனையைப் பிடித்தாள். சனிக்கிழமை லீவு போட்டாள். திங்களன்று அவளாகவேதான் சொன்னாள். பையன் டயர் கடையில் இருக்கிறானாம். தான் யார் என்று இவள் சொன்னதும் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து, துடைத்துப் போட்டானாம். எதுவும் கேட்கவில்லையாம். மூன்று வண்டிக்கு டயர் மாற்றினானாம். இவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். கிளம்பும்போது போன் நம்பர் சொன்னானாம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஜட்ஜம்மா கேட்கவில்லை.

அன்று சாயங்காலம், பதினாலு நாளைக்குப் பிறகு, அண்ணன் மகள் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அவங்க எப்படி இருப்பாங்கன்னு சொல்லுங்க. நல்லவங்களா கெட்டவங்களான்னு வேண்டாம். எப்படி இருப்பாங்கன்னு மட்டும்."

ஜட்ஜம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவளும் தரையில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தடவைகூட அவள் நேராகப் பதில் சொன்னதில்லை. உயரமாக இருப்பாள் என்று ஆரம்பித்தாள். இடதுகைக்காரி. எதையாவது தேடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாள். இருட்டென்றால் பயம். மாமா சொல்லுகிற உப்புச்சப்பில்லாத ஜோக்குக்குக்கூட விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"அப்பா அடிப்பாரா?"

"அடிப்பான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரெண்டு தடவை நடுவுல போய் நின்னேன். மத்த நாளெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டேன்."

பெண் முட்டியைக் கட்டிக்கொண்டாள். பிறகு, அவங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். ஒரு தங்கச்சி இருந்தாள், பள்ளிக்கூட டீச்சர், நாலு மணி நேரப் பயணம் என்றாள் ஜட்ஜம்மா. இப்போதும் அங்கேயே இருக்கிறாளா தெரியாது. வீடு இருந்த தெரு மட்டும் நினைவிருக்கிறது. பெண் போனில் தெருவின் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை போறேன். நீங்களும் வரணும். போன்ல சொன்னது நீங்கதானே, நீங்களே வந்து சொல்லுங்க."

"வரேன்," என்றாள் ஜட்ஜம்மா.

அந்த டீச்சர் கதவைத் திறப்பாளா, திறந்தால் முதலில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடத்தில் பஸ் டிரைவர், எந்த பஸ்ஸில் போனால் உட்கார இடம் கிடைக்கும் என்று தனக்குத் தெரிந்த யாரையோ போனில் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.