மருந்து அடித்த ஆகாயத்தாமரை

வீட்டில் மண்புழு உரம் தயாரிக்கும் அவள், காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் மண்புழுத் தொட்டியைத்தான் முதலில் பார்ப்பாள். அன்றும் அப்படித்தான் ஈரச் சாக்கைத் தூக்கினாள். "ஐயோ! எல்லாம் போச்சே!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

தொட்டியில் உயிரோடு ஒரு புழுகூட இல்லை. சுவரேறித் தப்பிக்கப் பார்த்தவை அங்கேயே ஒட்டிச் செத்திருந்தன. ஏரியை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அள்ளி வந்து, வாடவிட்டு, சாணம் கலந்து மட்கவைத்து, சூடு தணிந்த பிறகே புழுவுக்குப் போடுவாள். ஊரே திட்டும் களை அவள் தொட்டியில் தேயிலைத் தூள் மாதிரி உரமாகிவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தவை. வயிறு எரியாதா?

கணவன் ஓடி வந்தான். ஏரியில் களை எடுப்பதுதான் அவன் வேலை. எதையும் சட்டுப்புட்டென்று முடிக்கப் பார்ப்பதால் தெருவில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"என்னங்க, நேத்து நீங்க கொண்டாந்த களை பாதி மட்கித்தானே இருந்துச்சு? அதை நம்பித்தானே அப்படியே போட்டேன். அது எப்படி அதுக்குள்ள மட்குச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். "கையால அள்ளினா என்னைக்கு முடியறது? அதான் மருந்து அடிச்சேன்."

"மருந்தா? எங்க?"

"ஏரியிலதான். போன வாரம்."

தெருக் குழாயில் வருவதே ஏரித் தண்ணீர்தான். அந்த நேரம் பார்த்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தபடி மகள் வாசலுக்கு வந்தாள்.

பாய்ந்து தட்டிவிட்டான் அவசரம். சொம்பு உருண்டோடியது. "என்னப்பா ஆச்சு?" என்று மிரண்டாள் மகள்.

"ஒரு வாரமா இதைத்தானே குடிக்கிறோம்..." என்றான் அவன், சிந்திய தண்ணீரைப் பார்த்தபடி.

"மருந்தாம் மருந்து!" என்று வெடித்தாள் மனைவி. "வெஷத்துக்கு மருந்துன்னு பேரு வச்சதாலதான் குடிக்கிற தண்ணியில ஊத்தக்கூட உங்களுக்குக் கை கூசல. களையைக் கையால எடுத்தா புழு அதை உரமாக்கிக் குடுக்கும். வெஷத்தால எடுத்தா நம்மளையும் சேர்த்து எடுத்துடும்!"

அவன் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினான்.

"குழாயை மூடுங்க! யாரும் குடிக்காதீங்க!" என்று கதவு கதவாகத் தட்டினான்.

"ஏம்ப்பா, மருந்து ஏதும் கலந்துடுச்சா?" என்று கேட்டார் ஒருவர்.

"மருந்து இல்லைங்க. வெஷம். நான்தான் கலந்தேன்."