அதிபருக்குக் கேஸ் எழுதிக் கொடுத்தது யார்?

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திருட்டுக் கதை. முழுவதும் திருட்டு அல்ல, ஒரு வரி மட்டும். பிராங்பேர்ட்டில் எஸ்-பான் ரயிலுக்குக் காத்து நின்றபோது பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண்மணி நின்றார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை, காதில் போன். நடைமேடைத் திரையில் அமெரிக்க அதிபர் வாயசைத்துக்கொண்டிருந்தார். பெண்மணி அவரை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனில் சொன்னார்: "பாவமடி, உந்தாளுக்கும் ஆரோ கேஸ் எழுதிக் குடுத்திருக்கினம். பாடமாக்கிச் சொல்லுது."

வண்டி வந்தது, அவர் ஏறிப் போனார். நானும் ஏறவேண்டிய வண்டிதான் அது. அந்த வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றதில் கதவு மூடிவிட்டது.

(கேஸ் என்றால் என்ன என்று தமிழ்நாட்டு வாசகர் கேட்பார். நீதிமன்ற வழக்கல்ல, ஐயா. அகதித் தஞ்சம் கேட்டு வருகிறவரை ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, "ஏன் உன் நாட்டைவிட்டு வந்தாய்?" என்று கேட்பார்கள். அதற்குச் சொல்லும் கதைதான் கேஸ். பலருக்கு அது நடந்த கதை. சிலருக்கு, நடந்தது காணாது, அதாவது போதாது, என்று விஷயம் தெரிந்த ஓர் அண்ணை எழுதிக் கொடுத்த கதை. முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே சுளித்து முடித்துவிடுங்கள். பிறகு எனக்கு நேரம் இல்லை.)

2.

முதல் தொடக்கம்: "வெள்ளை மாளிகையின் நீண்ட நடைவழியில் அதிபர் தனியே நடந்துகொண்டிருந்தார். அவருடைய காலணிகள்…"

விட்டுவிட்டேன். அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பாரோ என்னவோ.

இரண்டாம் தொடக்கம்: "போர் என்பது…"

போர் என்பது என்று தொடங்குகிற கதையை நானே படிக்கமாட்டேன்.

சரி, அதிபரைப் பற்றித் தெரியவேண்டியதை நேராகவே சொல்கிறேன். திரையில் இருந்தவரை அந்த நடைமேடையிலேயே விட்டுவிட்டேன். இந்தக் கதையின் அதிபர் என் சொந்தத் தயாரிப்பு. ஒரு தூரத்துக் கடலில் இவருடைய நாட்டுக் கப்பல் ஒன்று வெடித்துத் தாழ்ந்தது. எதிரி நாடு தாழ்த்தியது என்று தொலைக்காட்சியில் சொல்லிப் போரைத் தொடங்கினார். ஊர்கள் எரிந்தன. பிறகு ஓர் அறிக்கை வெளியே கசிந்தது: கப்பலின் இயந்திர அறை தானாகவேதான் வெடித்திருக்கிறது. முதல் குண்டு விழுவதற்கு முன்பே அந்த அறிக்கையை அவர் படித்திருக்கிறார். உதவியாளர்கள் பதவி விலகினார்கள், விசாரணைக் குழு உட்கார்ந்தது, பாதி நாடு அவரை நம்பியது, பாதி நாடு காறித் துப்பியது. அவரோ பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தார். போரும் நடந்துகொண்டிருந்தது.

3.

மூன்றாம் தொடக்கம், இதுதான் நிற்கிறது: கமலநாயகியின் வீட்டு மேல்மாடியில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் வாடகைக்கு இருந்தாள்.

ஊர் ஜெர்மனியில் கைசர்ஸ்லவுட்டர்னுக்குப் பக்கம். பக்கத்தில் அமெரிக்க விமானத்தளம். அங்கே வீடு வைத்திருக்கிறவர்கள் அமெரிக்கர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பது வழக்கம், கமலநாயகியும் கொடுத்தார். ஐம்பதை நெருங்குகிற மனுஷி. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அங்கே உப்பில்லாமல் சமைத்துச் சமைத்து வந்த ஆத்திரத்தை வீட்டுக் கறியில் தீர்ப்பார். மகள் லவினியா இங்கேயே பிறந்தவள், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பழகுகிறாள்.*

* கணவர் ஒருவர் இருக்கிறார். கதையில் அவருக்கு வேலை இல்லாததால் கொலோனுக்கு, சங்கக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். சந்தோஷமாகத்தான் போனார்.

மேல்மாடிக்காரியின் பெயர் ரொண்டா. நாற்பதைத் தொட்டவள், ஒஹாயோக்காரி. கமலநாயகியின் ஆட்டிறைச்சிக் கறியைச் சாப்பிட்டுக் கண்ணீர் வடித்து, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சத்தியம் செய்து, அடுத்த ஞாயிறு கிண்ணத்தோடு வந்து நிற்பாள். இருவரும் உடைந்த ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். பெரிய விஷயம் என்றால் லவினியா மொழிபெயர்க்கவேண்டும்.

(இந்த இடத்தில் என் நண்பன் ஒருவன் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுச் சீறினான். "அமெரிக்கச் சிப்பாயை நல்லவளா எழுதுறியோ? அவள் அங்கை என்ன செய்யிறாள்?" நியாயமான கேள்வி. ரொண்டா விமானங்களில் குண்டு ஏற்றுகிறவள். அவள் ஏற்றியது போய் விழுந்த ஊரில் ஒரு கமலநாயகி இருந்திருப்பாள். அதை நான் மறைக்கவில்லை. அவள் அதை நினைத்து வாந்தி எடுத்ததாக ஒரு பத்தி எழுதினேன், நம்பும்படியாக இல்லை, வெட்டிவிட்டேன்.)

4.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரொண்டா படி இறங்கி வந்தாள், கையில் கிண்ணம் இல்லை.

"என்னைப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது," என்றாள். போர் நடக்கும் இடத்துக்கே போகவேண்டும். "நான் போகப்போவதில்லை. மறுத்தால் இராணுவச் சிறை. இந்த நாட்டில் தஞ்சம் கேட்கலாமா? உன்னைவிட்டால் இதை எனக்கு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை."

லவினியா அதைத் தமிழில் சொன்னாள். கமலநாயகி அகப்பையோடு அப்படியே நின்றார். உலகத்திலேயே பெரிய படை வைத்திருக்கிற நாட்டுக்காரி, யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரியிடம் வந்து அசூல் அடிப்பது, அதாவது தஞ்சம் கேட்பது, எப்படி என்று கேட்கிறாள். சிரிப்பு வந்தது.

"முதல் இருந்து சாப்பிடு," என்றார். "பிறகு பாப்பம்."

தொலைக்காட்சியில் அதிபர் வந்தார். "அந்த மாலுமிகளின் தாய்மாருக்கு…" என்று சொல்லி, நிறுத்தி, கழுத்துப்பட்டியைத் தொட்டு, "…நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார்.

"பார், அதே இடத்திலை நிப்பாட்டுறார்," என்றார் கமலநாயகி. "போன கிழமையும் உதிலைதான் நிப்பாட்டினவர். பட்டியையும் தொட்டவர். உது பாடமாக்கினது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நடந்ததைச் சொல்லுறவை ஒருநாளும் ஒரே மாதிரிச் சொல்லமாட்டினம், பிள்ளை. ஒருக்கா முன்னுக்கு வரும், ஒருக்கா பின்னுக்கு வரும். ஒருக்கா சொல்லவே ஏலாமல் போகும். பொய்தான் வரிசையா வரும்." பிறகு தன்னையறியாமல் சேர்த்தார்: "பாவம், விட்டிட்டு ஓடவும் ஏலாது. ஒருக்காச் சொன்னால் சாகுமட்டும் அதையேதான் சொல்லவேணும்."

லவினியா இதை மொழிபெயர்க்கவில்லை. ரொண்டாவுக்கும் அப்போது அதிபரைப் பற்றிக் கேட்கும் மனநிலை இல்லை.

5.

அடுத்து வருவதை நான் நாலு தரம் எழுதிவிட்டேன். முதல் மூன்றிலும் எல்லோரும் அழகாகப் பேசினார்கள். இது நாலாவது.

லவினியா அலுவலகத்தில் பழகியதை வைத்து விளக்கினாள். அமெரிக்கச் சிப்பாய்க்குத் தஞ்சம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சண்டைக்குப் போகப் பயம் என்றால் காணாது. போனால் ஒரு குற்றத்தில் பங்கெடுக்கவேண்டிவரும் என்று காட்டவேண்டும். "நீ எதையாவது கண்ணால் கண்டாயா?" என்று ரொண்டாவிடம் கேட்டாள்.

ரொண்டா யோசித்தாள். "இல்லை. நான் ஏற்றுவேன், விமானம் போகும், வெறுமையாகத் திரும்பி வரும். அவ்வளவுதான் கண்டேன்."

"அப்ப காணவேணும்," என்றார் கமலநாயகி. "ஒரு ஆசுப்பத்திரி. குண்டு விழுந்த வீடியோவை ஆரோ காட்டினவை எண்டு சொல்லட்டும். குண்டிலை இருந்த இலக்கம் தான் ஏத்தின இலக்கம் எண்டு சொல்லட்டும். நான் வரிசையாச் சொல்லித்தாறன், இவள் பாடமாக்கட்டும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேணும்."

"அம்மா!" லவினியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்யாலைதான் இந்தப் போரே வந்தது. அதே பொய்யை இவவுக்கும் சொல்லிக் குடுக்கிறியளோ?"

"ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாமாம். ஒரு பொய் சொல்லி ஒரு உயிரைக் காக்கக் கூடாதோ?"

"நீங்கள் பொய் சொன்னீங்களோ? சுகிர்தன் மாமாவை ஆமி பிடிச்சதைச் சொன்னீங்கள். உங்கட கண்ணுக்கு முன்னாலை நடந்ததைச் சொன்னீங்கள். உண்மையைச் சொல்லித்தானே விசா கிடைச்சது? ரொண்டாவும் உண்மையைச் சொல்லட்டும்."

(வாசகருக்கு: சுகிர்தன் மாமா கமலநாயகியின் தமையன். சைக்கிளில் போனவரை இலங்கை இராணுவத்தினர் வழிமறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. மீன் முள்ளுக்குப் பயந்தவர். நீந்தத் தெரியாதவர். லவினியா பிடிவாதம் பிடித்தால், "அப்படியே மாமாவின்ர குணம்" என்று தாய் சொல்வார். பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிக் கட்டுரை வாசித்து வகுப்பையே அழவைத்தவள் லவினியா.)

கமலநாயகி அடுப்பை நிறுத்தினார். ரொண்டாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இங்கே அவருக்கு ஒரு நீண்ட மன ஓட்டம் எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் மனுஷருக்கு ஏது மன ஓட்டம்?

"சுகிர்தன் எண்டு ஒருத்தர் இல்லை, பிள்ளை."

"என்ன?"

"எனக்குத் தமையன் இல்லை. நான் தனிப்பிள்ளை. இராசலிங்கம் அண்ணை எண்டு கொலோனிலை ஒருத்தர் இருந்தவர், அவர்தான் எழுதித் தந்தவர். பேரும் ஆமி பிடிச்சதும் மட்டும்தான் தந்தவர். மற்றதெல்லாம் நானே சேர்த்தனான். உன்னட்டையும் ஒருநாள் கேப்பாங்களோ எண்டு பயந்து உனக்கும் சொன்னனான். பிறகு நிப்பாட்டத் தெரியேல்லை. அவனுக்காக நான் அழுதது பொய்யில்லை. அதை மட்டும் நம்பு."

லவினியா பேயறைந்தவள் போல இருந்தாள். பிறந்ததிலிருந்து நேசித்த ஒரு மனிதரை அந்த ஒரு நிமிடத்தில் இழந்துவிட்டாள். இறந்தவராகக்கூட அவர் இனி இல்லை. இதை எழுதும்போது எனக்கே மனம் கேட்கவில்லை. கதைக்காக எத்தனையோ பேரை உண்டாக்கியிருக்கிறேன், கமலநாயகி அளவுக்கு ஒருவரையும் வளர்த்ததில்லை.

"அப்ப ஏன் வந்தனீங்கள்?" என்றாள் லவினியா. "உண்மையா என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. ஒவ்வொரு நாளும் செல் குண்டு அடிப்பாங்கள். ஒருநாள் அடிச்சு முடிஞ்ச பிறகும் என்னாலை பங்கர்க் குழிக்கு வெளியிலை வர ஏலேல்லை. அம்மா கூப்பிடுறா, கால் வரேல்லை. பயம். அவ்வளவுதான், பிள்ளை. அதை ஆர் எழுதுவினம்?"

ரொண்டா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்கிறாள்? லவினியா, உன் அம்மா என்ன சொல்கிறாள்?"

லவினியா மொழிபெயர்த்தாள்: "அவருடைய அண்ணன்…"

நிறுத்தினாள். அந்த வாக்கியத்தை முடிக்க அவளால் முடியவில்லை. நானும் முடிக்கவில்லை. கையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள்: "அம்மாவுக்குப் பயமாக இருந்ததாம். அதனால்தான் வந்தாராம். வேறு காரணம் இல்லையாம்."

ரொண்டா, "எனக்கும் அவ்வளவுதான்," என்றாள்.

6.

இனி முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) ரொண்டா கமலநாயகியின் ஆசுப்பத்திரிக் கதையைப் பாடமாக்கிச் சொல்கிறாள். கிடைக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் கிண்ணத்தோடு இறங்கி வருகிறாள், ஆனால் தொலைக்காட்சியில் அதிபர் வந்தால் எழுந்து போய்விடுகிறாள்.

(ஆ) உண்மையைச் சொல்கிறாள். கிடைக்கவில்லை. வாசலில் இராணுவ வண்டி வந்து… இதை நான் எழுதி முடிக்கவில்லை. கமலநாயகி அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

(இ) அதிபர் மனம் மாறி உண்மையை ஒப்புக்கொண்டு போரை நிறுத்துகிறார். நண்பன் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவருக்கும் கதையை விட்டு இறங்கவேண்டும் என்று ஒரு நாளாவது இருந்திருக்கும். ஆனால் அவர் இறங்காத ஒவ்வொரு நாளும் அங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கமலநாயகியின் பொய்யில் ஒருவரும் சாகவில்லை. இரண்டும் பொய்தானே என்று லவினியா இன்னமும் தாயோடு சண்டை பிடிக்கிறாள். சண்டை பிடிக்கிறாள் என்றால் பேசுகிறாள் என்று அர்த்தம், அது போதும் எனக்கு.

மூன்றையும் தள்ளிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: தஞ்ச விசாரணைக்கு மூவரும் ஒன்றாகப் போனார்கள். காத்திருக்கும் அறையில் கமலநாயகி கடைசித் தரமாகக் கெஞ்சினார். "ஆசுப்பத்திரியைச் சொல்லு, ரொண்டா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். உண்மையைச் சொன்னால் ஆமிச் சிறையிலை மறியல்தான்." ரொண்டா அவரைக் கட்டிப்பிடித்தாள். பிறகு உள்ளே போனாள்.

"நீங்கள் ஏன் போக மறுத்தீர்கள்?" என்று கேட்டார்கள்.

ரொண்டா சொல்லத் தொடங்கினாள். முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வந்தது. விமானம் வெறுமையாகத் திரும்பி வந்ததைச் சொன்னாள், அதற்குப் பிறகுதான் ஏற்றியதைச் சொன்னாள். ஓரிடத்தில் சொல்லவே முடியாமல் நின்றாள். "பயமாக இருக்கிறது," என்றாள். "செத்துப்போவேன் என்றில்லை. இன்னும் ஏற்றுவேன் என்று பயமாக இருக்கிறது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

7.

தீர்ப்பை நான் எழுதப்போவதில்லை. அந்த நாற்காலியை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன், வாருங்கள், இருங்கள்.

அவள் எதையும் காணவில்லை. கையில் சான்று ஒன்றும் இல்லை. சட்டத்துக்கு இது காணாது என்று லவினியா சொன்னது சரி. மறுத்து எழுதினால் உங்களை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ரொண்டா என்று ஒருத்தி இல்லை. கமலநாயகி இல்லை. அந்த அதிபரும் இல்லை. எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. இது தெரிந்துகொண்டேதான் இவ்வளவு தூரமும் என்னை நம்பி வந்தீர்கள், ஓரிடத்திலும் என்னிடம் சான்று கேட்கவில்லை.

அவள் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறாள். பக்கத்தில் கமலநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள்.