மூன்று வெடி

என் கணவர் கிருபானந்தன் செத்த அன்று காட்டில் ஒரே ஒரு வெடிதான் கேட்டது. மூன்று கேட்டிருக்க வேண்டும். ஒரு வெடி என்றால் யாரோ மூஸ் மான் ஒன்றை விழுத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்தடுத்து மூன்று கேட்டால் ஆபத்து, ஓடி வா என்று அர்த்தம். கேட்டது ஒன்று என்றபடியால் அவருடைய வேட்டைக் கூட்டாளிகள் மூன்று பேரும் கைதட்டிச் சிரித்துவிட்டு, பிளாஸ்கில் இருந்த கோப்பியைக் குடித்து முடித்து, ஆறுதலாக நடந்து போனார்கள். போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம். இதை எனக்குச் சொன்னவர் அந்த மூவரில் ஒருவரான றெஜான். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் என் கணவரோடு பதினொரு வருடம் பக்கத்து மெஷினில் நின்ற கியூபெக்காரர். சொல்லும்போது அந்த மனிதர் விம்மினார். எனக்கு ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். நெஞ்சு நோவு வந்து அவர் விழுந்தபோது துவக்கின் வாய் சேற்றுக்குள் குத்திவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. உதவி கேட்டு முதல் வெடி வைத்தார். சேறு அடைத்ததில் குழலின் நுனி வீங்கி, வெற்றுத்தோட்டா உள்ளே இறுகிவிட்டது. அடுத்த தோட்டாவை ஏற்ற, போல்ட் என்கிற பூட்டை அதன் பிடியால் இழுத்துத் திறக்க வேண்டும். அது திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உடம்பைக் காட்டியபோது நான் முகத்தை அதிகம் பார்க்கவில்லை, வலது உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது.

செத்த வீட்டில் நான் அழவில்லை. சனம் என்ன கதைத்தது என்று எனக்குத் தெரியும். அந்தியேட்டிக் கிரியை முடிந்து நாலாம் நாள் வேலைக்குப் போனேன். அதையும் கதைத்தார்கள். கதைக்கட்டும். எனக்கே என்னில் கோபம் வரவில்லை, பிறகு அவர்களில் எங்கே வரப்போகிறது? சோறு சோறாக இருந்தது, பஸ் பஸ்ஸாக வந்தது, பதினொரு மாதம் போனது.

பிறகு என் மகள் தனுஷா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "அம்மா, ஒக்டோபரில நானும் றெஜான் ஆக்களோட போகப்போறன். அப்பான்ர துவக்கோட."

அவளுக்கு இருபத்துநாலு வயது. எனக்குச் சொல்லாமலே துவக்கு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, துவக்கைத் தன் பெயருக்கும் மாற்றிவிட்டிருந்தாள். தகப்பனைப் போலவே, முடிவெடுத்த பிறகுதான் கேள்வி கேட்பாள். அப்பா நின்ற அதே இடத்தில் ஒரு கிழமை நிற்க வேண்டுமாம். நான் கத்தியிருக்க வேண்டும். "குழல் வீங்கின துவக்கோடயோ?" என்று மட்டும் கேட்டேன்.

றெஜான் அதை ஒரு துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த ஆள் இறுகிய தோட்டாவை எடுத்து, போல்டையும் உடலையும் சோதித்து, இரண்டிலும் பழுதில்லை, தொழிற்சாலையில் பூட்டிய குழலைக் கழற்றிப் புதிது போட்டால் சரி என்றாராம். தான் செய்ய இரண்டு மாதம் ஆகும் என்றாராம்.

"நான் செய்யிறன்," என்றேன்.

தனுஷா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்க ஒன்றுமில்லை. விமான உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் பதினாலு வருடம் சோதனை மேசையில் இருக்கிறேன். நாப்பத்தேழாம் நம்பர் முத்திரை என்னுடையது. அது குத்தாமல் ஒரு துண்டும் வெளியே போகாது. என் மகள் அந்தத் துவக்கோடு காட்டுக்குப் போவதென்றால் அது மூன்று தரம் வெடிக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவள் போகமாட்டாள். வேறு எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

புதுக் குழல் நீளப் பெட்டியில் தபாலில் வந்தது. அதே நாள் யோகராணி மச்சாள், இவருடைய மூத்த அக்கா, லாசாலில் இருந்து போன் எடுத்தா.

"என்னடி கௌரி, தனுஷா ஏதோ பரல் மாத்தப்போறியள் எண்டாள். தண்ணிப் பரலோ?"

"இல்லை மச்சாள். துவக்குக் குழல்."

மச்சாள் குரலைத் தாழ்த்தினா. "உனக்கென்ன விசரே? இப்பதான் கனடாவில இயக்கத்தைத் தடை செய்திருக்கிறாங்கள். இந்த நேரத்தில தமிழ் வீட்டில துவக்கோ? போனில கதைக்காதை, வையடி!"

போனை வைத்ததும் மச்சாள்தான். பத்து நிமிடத்தால் திரும்ப எடுத்து, குழாய் வேலை முடிந்துதா என்று சத்தமாகக் கேட்டா, ஒட்டுக் கேட்பவனுக்கும் விளங்கட்டும் என்று. வேறு நாளென்றால் வயிறு நோகச் சிரித்திருப்பேன்.

லவாலில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் அவருடைய வேலை மேசை அப்படியே இருந்தது. குழலை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். அதை உடலோடு பிடித்திருப்பது ஒரு பெரிய நட். அது அசையவில்லை. எண்ணெய் விட்டு இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் நட் திருகும் சாவியின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, தனுஷாவையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தொங்கினோம். டக்கென்று ஒரு சத்தம். விட்டுக்கொடுத்தது.

பழைய குழலைக் கையால் சுழற்றிக் கழற்றினேன். வீங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு மட்டும்தான் தெரியும், அவ்வளவு சின்ன வீக்கம். தனுஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுவேன் என்று நினைத்திருப்பாள். குழலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்துவிட்டு மேசையைத் துடைத்தேன்.

இனி அளவு. தோட்டா உள்ளே உட்காரும் இடம் ஒரு மயிரளவு கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. அதைப் பார்க்க, தோட்டா வடிவில் இரண்டு உருக்குத் துண்டுகள் விற்கிறார்கள். ஒன்றில் 'கோ' என்று எழுதியிருக்கும். அதை உள்ளே வைத்தால் போல்ட் பூட்ட வேண்டும். மற்றதில் 'நோ-கோ'. அதற்குப் பூட்டக் கூடாது. எங்கள் மேசையிலும் இதே சொற்கள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், எங்கட ஆக்கள் வாசலில நிண்டு ஒருத்தரையும் வெறும் 'போ' எண்டு சொல்லமாட்டினம், 'போட்டு வா' எண்டுதான் சொல்லுவினம், இங்க இரும்பில வெட்டி வைச்சிருக்கிறாங்கள் எண்டு.

புதுக் குழலைச் சுழற்றி, கோ துண்டில் முட்டும் இடத்தில் நிறுத்தி, நட்டை இறுக்கினேன். போல்ட் வழுக்கிக்கொண்டு பூட்டியது. நோ-கோவை வைத்தேன். பிடி பாதியில் நின்றது. எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். ஐந்து தரம் வைத்தேன். ஐந்து தரமும் பாதியிலேயே நின்றது.

"அம்மா, கோவா, நோ-கோவா?" என்றாள் தனுஷா.

பிழை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் நம்புவாள். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவளைக் காட்டுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. பதினாலு வருடத்தில் ஒரு துண்டுக்கும் நான் பொய் முத்திரை குத்தியதில்லை, அதுவும் உண்மை.

"வெடி வைச்சுப் பாக்காமல் சொல்லமாட்டன்," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை றெஜான் எங்களைத் தன் மச்சான்காரனின் பழைய கல்லுக்குழிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்ற இரண்டு கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். அன்று காட்டில் கோப்பி குடித்த அதே மூன்று பேர். முதல் வெடியைக் கையில் பிடித்து வைப்பதில்லை. துவக்கை ஒரு டயரில் கட்டி, விசையில் கயிறு போட்டு, எல்லோரும் வான் வண்டிக்குப் பின்னால் நின்று இழுத்தோம். வெடித்தது. வெற்றுத்தோட்டா சுகமாகக் கழன்று வந்தது. வீக்கமுமில்லை, வெடிப்புமில்லை. றெஜான் என் தோளில் தட்டி, நல்ல வேலை என்றார். வேலை முடிந்தது என்று நினைத்து மூன்று பேரும் வளைவுக்கு அங்கால் நின்ற தங்கள் ட்ரக்கடிக்குப் போனார்கள்.

"எனக்கு மூண்டு தோட்டா தா," என்றேன் தனுஷாவிடம்.

"நீங்களோ அம்மா?"

"நான்தான்."

தோளில் எப்படி அணைப்பது என்று அவள் காட்டித்தந்தாள். காதை மூடினோம். எதிரே மண்மேடு. நான் விசையை இழுத்தேன்.

துவக்கு தோளில் உதைத்தது. போல்டைத் திறந்தேன். திறந்தது. வளைவுக்கு அங்கால் ஒரு தலை எட்டிப் பார்த்து, கையைக் காட்டிவிட்டு மறைந்தது. ஒரு வெடிக்கு அவர்கள் செய்வது அதுதான். இரண்டாவதை வைத்தேன். போல்ட் திறந்தது. அன்று காட்டில் இவர் உள்ளங்கை உரிய எத்தனை தரம் இந்தப் பிடியை இழுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவதை வைத்தேன். அதற்கும் போல்ட் திறந்து, வெற்றுத்தோட்டா நிலத்தில் விழுந்தது.

காதுமூடியைக் கழற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஓடி வந்தார்கள். மூன்று பேரும், கல்லிலும் சேற்றிலும் விழுந்தெழும்பி ஓடி வந்தார்கள். அறுபது வயதான, முழங்கால் பழுதான றெஜான் முன்னுக்கு வந்தார். கோப்பியை எங்கேயோ ஊற்றி, கோப்பையை மட்டும் கையில் பிடித்தபடி, "கௌரி! கௌரி!" என்று கத்திக்கொண்டு வந்தார். வந்து, நான் நிற்பதைப் பார்த்து, நிலத்தில் கிடந்த மூன்று வெற்றுத்தோட்டாக்களையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பின்னால் வந்த இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நாப்பது செக்கன்," என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். அவர்களுக்கு விளங்கவில்லை. தனுஷாவுக்கு விளங்கியது, அவள் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது. நெஞ்சு முழுக்க, பதினொரு மாதக் கோபம். அதன் பின்னால் அழுகை வந்தது. அந்தக் கல்லுக்குழியில், மூன்று அந்நிய ஆம்பிளைகளுக்கு முன்னால், வாயை மூடாமல் அழுதேன். வந்திருப்பார்கள். அன்று மூன்று வெடி கேட்டிருந்தால் இந்த ஆக்கள் ஓடி வந்திருப்பார்கள்.

அழுது முடிய மூக்கைத் துடைத்தேன். துவக்கின் போல்டைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்து, தனுஷாவிடம் நீட்டினேன். அவள் வாங்காமல் நின்றாள்.

"அம்மா, கோவா, நோ-கோவா?"

"போட்டு வா," என்றேன்.