இடுப்பில் கட்டிய இரும்பு

நாற்பத்தொரு வருஷம் பாய்லர் ஓட்டினவன் நான். துணிக்குச் சாயம் போடும் ஆலை. கரியை அள்ளிப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியைக் குழாயில் அனுப்புவது என் வேலை. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் அடுப்பு எழுப்பும் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். மனுஷர்கள் விஷயத்தில் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் யாரையும் நம்புவதில்லை.

போன வருஷம் குடலில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். ஈரலில் இரண்டு பொட்டு மிச்சம் இருக்கிறது என்று மருந்து ஏற்ற வரச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் எட்டுத் தடவை. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் ஊசி குத்தி நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கூட வந்தவருக்காக. மற்ற ஸ்டூல்களில் யாராவது உட்கார்ந்து கால் அமுக்கிக்கொண்டோ தூங்கி வழிந்துகொண்டோ இருப்பார்கள்.

உள்ளே விடும் முன் நர்ஸ் ஒரு தாளை நிரப்புவாள். "கூட யாரு வந்திருக்காங்க ஐயா?"

"மச்சான். டீ குடிக்கப் போயிருக்கான்."

மூன்று தடவையும் இதையேதான் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மச்சான் ரொம்பப் பெரிய டம்ளர்ல குடிப்பாரு போல."

மச்சான் பொய்யில்லை. என் வீட்டுக்காரியின் தம்பி. அவள் போய் ஆறு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது, எனக்கென்று மிச்சம் இருப்பவன் அவன் ஒருத்தன்தான். பஸ்ஸில் வந்தால் இரண்டு மணி நேரம். வரமாட்டான். வீடியோ அனுப்புவான்.

அப்படி அனுப்பினதில் ஒன்றுதான் என் புத்தியைக் கெடுத்தது. கண்ணாடி போட்ட ஒரு ஆள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்: புற்றுநோய்க்குத் தீனி சர்க்கரை, அதை நிறுத்தினால் பட்டினி கிடந்து சாகும் என்று. நான் யார் பேச்சையும் கேட்கிறவன் இல்லை. ஆனால் இது என் தொழில் பேச்சாக இருந்தது. கரியை நிறுத்தினால் அடுப்பு அணையும், இதில் சந்தேகம் என்ன? போதாததற்கு ஸ்கேன் எடுத்தபோது அங்கிருந்த பையனே சொல்லியிருந்தான், ஊசியில் போட்டது ஒரு மாதிரிச் சர்க்கரை, கட்டி அதை ஆவலாக இழுத்துக்கொள்ளும், படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும் என்று. படத்தை நானே பார்த்தேன். இருட்டு அறையில் அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி இரண்டு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

மச்சானுக்கு போன் போட்டேன்.

"நெஜமாடா?"

"மச்சான், லட்சம் பேர் பாத்திருக்காங்க. நீங்க இன்னும் டீக்கு ரெண்டு கரண்டி போடறீங்க."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையே?"

"அவர் ஏன் சொல்றாரு? நீங்க குணமாயிட்டா அவர் பொழப்பு என்னாகறது?"

இந்தக் கடைசிப் பேச்சுத்தான் எனக்குப் பிடித்தது. சந்தேகப்படுகிறவனைக் கவிழ்ப்பது சுலபம், அவனோடு சேர்ந்து சந்தேகப்பட்டால் போதும்.

சர்க்கரை போச்சு. சோறு, ரொட்டி, பால், பழம், கிழங்கு எல்லாம் போச்சு. கீரையை அவித்து உப்புப் போட்டுத் தின்றேன். ஒரு ஆளுக்குச் சமைப்பதே பாதி நாள் அலுப்பு, அதனால் பாதி நாள் கீரையும் இல்லை. தட்டு கழுவுகிற வேலை மிச்சம். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன், பிறகு இன்னொன்று. கட்டி இளைக்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். மாடிப்படியில் பாதியில் உட்கார வேண்டி வந்தது. அதையும் கட்டி இளைக்கிற கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

மூன்றாவது தடவை நர்ஸ் தராசைப் பார்த்து முகம் சுளித்தாள். "அம்பத்தி ரெண்டரை. அம்பத்தாறு இருந்தீங்க. அடுத்த தடவை அம்பத்திரண்டுக்குக் கீழே போனா டாக்டர் மருந்தை நிறுத்திடுவாரு, சொல்லிட்டேன்."

எனக்கு மருந்தும் வேண்டும், பட்டினியும் வேண்டும். இரண்டு பக்கமும் நெருக்கினால்தான் அது சாகும் என்பது என் கணக்கு. நாலாவது தடவைக்குப் போகும் அன்று காலையில் கடைத் தராசில் ஏறினேன். ஐம்பது. வீட்டுக்கு வந்து கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த இரும்பை எடுத்தேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். துண்டில் சுற்றி இடுப்பில் கட்டி, மேலே தொளதொளவென்று சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

அந்த இரும்புக்கு ஒரு கதை உண்டு. பாய்லர் மேலே சேஃப்டி வால்வு என்று ஒன்று இருக்கும். ஒரு கம்பி, அதன் முனையில் எடை. உள்ளே அழுத்தம் அளவு மீறினால் எடையைத் தூக்கிக்கொண்டு நீராவி வெளியே சீறும், பாய்லர் பிழைக்கும், ஆளும் பிழைப்பான். என்னோடு ஒருத்தன் வேலை செய்தான். அவசரம் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். வால்வு அடிக்கடி சீறி வேலை கெடுகிறது என்று அவன் அந்தக் கம்பியில் கூடுதலாக ஒரு இரும்பை மாட்டிவிட்டான். நான் பார்த்துக் கழற்றினேன். கழற்றின கையாலேயே ஒரு அறையும் விட்டேன். "மீட்டர் முள்ளு பொய் சொன்னாக்கூடப் பரவாயில்லைடா, வால்வைப் பொய் சொல்ல வைக்கலாமா?" என்று கத்தினது ஆலை முழுக்கக் கேட்டது. இரும்பை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், மறுபடி அவன் கைக்குக் கிடைக்கக் கூடாது என்று.

தராசு ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று காட்டியது. நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். "பரவாயில்லையே, சொல் பேச்சு கேக்கறீங்களே!" என்று போனை எடுத்து அந்த எண்ணை யாருக்கோ சொன்னாள்.

"அதை எதுக்கும்மா ஊருக்கெல்லாம் சொல்றே?"

"மருந்து கலக்கறவங்களுக்குச் சொல்றேன். எடையைப் பாத்துத்தான் கலப்பாங்க. இதுல மருந்து அளவு பெரிசா மாறாது. ஆனா உடம்பு தாங்குதா இல்லையான்னு டாக்டருக்குக் காட்டிக் கொடுக்கறது இந்தத் தராசுதான். ஆள் கரையறது தெரிஞ்சா நிறுத்தி, தேத்தி, அப்புறம் குடுப்பாரு. தெரியாம ஏத்தினா மருந்தே ஆளைத் தூக்கிடும்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். இரும்பு ஆபரேஷன் தழும்பில் அழுத்தியது. அவள் என் கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலைப் பார்த்தேன். இங்கே நான் வெடித்தால் கத்துவதற்குக்கூட ஆள் இல்லை. அவசரத்தை அறைந்த கை இப்போது ஊசிக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்தும்மா."

சட்டையைத் தூக்கித் துண்டை அவிழ்த்தேன். இரும்பு அவள் டிரேயில் டங்கென்று விழுந்தது. நாலு நாற்காலிக்காரர்களும் விழித்துக்கொண்டார்கள்.

அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் மறுபடி தராசில் ஏற்றினாள். சிரிப்பு நின்றது. "என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள், மெதுவாக.

அன்று மருந்து இல்லை. சாப்பாட்டு விஷயம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். முப்பது வயசு இருக்கலாம். கீரைக் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"கட்டி சர்க்கரையை அள்ளித் திங்கும், அது உண்மைதாங்க. ஆனா ஒழுங்கா எரிக்காது. நிறையத் தின்னும், கொஞ்சந்தான் பலன் எடுக்கும்."

"காத்து பத்தாத அடுப்பு மாதிரி. கரி போகும், கரும்புகை வரும், நீராவி வராது."

"அதேதான். காத்து இருந்தாலும் அது அப்படித்தான் எரிக்கும். அதான் அதோட கோணல்."

"அப்ப கரியை நிறுத்தினா?"

"உங்க உடம்புல அது ஒரு அடுப்பு மட்டும் இல்லையே. ரத்தம்ங்கற ஒரே குழாய்தான் எல்லாத்துக்கும் போகுது. நீங்க நிறுத்தினா ஈரல் தானே சர்க்கரை செய்யும். எதை வெச்சு? உங்க தொடைச் சதையைக் கரைச்சு. கட்டிக்கு அதுலயும் பங்கு போகும். அதுக்கு வேற தீனியும் திங்கத் தெரியும்."

அவளுக்கு ஆலைக் கதை ஒன்று சொன்னேன்: ஒரு வருஷம் கரி லாரி வரவில்லை. ஆலை நிற்கக் கூடாது என்று மேனேஜர் மரப்பெட்டியை உடைக்கச் சொன்னான். அப்புறம் பெஞ்சு. கடைசியில் பாய்லர் அறைக் கதவையே கழற்றி அடுப்பில் போட்டோம். அடுப்பு எரிந்தது. அறைதான் மொட்டையாக நின்றது.

"அப்ப நான் என் கதவை உடைச்சு எரிச்சிட்டிருந்தேனா?"

"ஆமாங்க" என்றாள்.

"அந்த வீடியோக்காரன் பொய்யனா?"

"பாதி. கட்டியோட இந்தப் பழக்கத்தை வெச்சே அதை மடக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. அது எரிக்கிற வழியை அடைக்கிற மாத்திரை, மருந்தோட சேத்துச் சாப்பாட்டை மாத்திப் பாக்கறது, ரெண்டும் நடக்குது. ஒண்ணு ரெண்டு வகைப் புற்றுநோய்க்கு அப்படி மாத்திரை வந்தும் இருக்கு. சாப்பாட்டை மாத்தினா உங்க கட்டிக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாது. இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. நீங்க கரைஞ்சா மருந்து குடுக்க முடியாதுங்கறது மட்டும் தெரியும்."

இத்தனை மாதத்தில் என்னிடம் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அதனால் அவள் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு முட்டை, ரொட்டி, ஒரு டம்ளர் பால். மெல்லும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க மச்சான். இன்னொரு வீடியோ இருக்கு, அனுப்பறேன்."

"வீடியோ வேணாம். நீ வாடா. சேந்து சாப்பிடலாம்."

"பாக்கறேன் மச்சான். இந்த வாரம் கொஞ்சம் வேலை."

மூன்று வாரம் நாளைக்கு ஐந்து வேளை தின்றேன், பசித்தாலும் பசிக்காவிட்டாலும், அடுப்புக்குக் கரி போடுகிற மாதிரி நேரம் பார்த்து. அவன் வரவில்லை. தட்டு மட்டும் தினம் ஐந்து தடவை கழுவினேன்.

நர்ஸ் மேஜையில் என் இரும்பு இருந்தது. தாள்கள் பறக்காமல் வைத்திருந்தாள். தராசில் ஏறும் முன் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினேன்.

"நாய்க் காது மாதிரி தொங்குது, உள்ளே விடுங்க" என்றாள். தராசைக் குனிந்து பார்த்தாள். "அம்பத்திரண்டு புள்ளி ஒண்ணு. போதும்."

தாளை எடுத்தாள். பேனா, கூட வந்தவரை எழுதும் இடத்துக்கு வந்து நின்றது. அவளே சொல்லிக்கொண்டாள், "மச்சான், டீ..."

"யாரும் வரலை. அப்படியே எழுதிக்கோம்மா."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். நான் போய் உட்கார்ந்து, பையை ஸ்டூலில் வைத்தேன். கையை நீட்டினேன்.