ஏரில் பூட்டிப் பார்த்த லேப்டாப்

மாட்டுத் தரகரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு லேப்டாப் வாங்கப் போனவள் கள்ளக்குறிச்சியிலேயே நிர்மலா ஒருத்தியாகத்தான் இருப்பாள். என்ன செய்வது, அவளுக்கு வாய்த்த புருஷனே மாட்டுத் தரகன்தான். கடைக்குள் நுழைந்ததுமே பகலவன் தோள்துண்டை எடுத்துக் கைமேல் போர்த்தி, கடைக்காரர் சிவசங்கரிடம் நீட்டினான். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சிவசங்கருக்கு அது தெரியுமா? கொரோனா பயத்தில் அந்தக் கையில் சானிடைசரைப் பிழிந்துவிட்டார்.

நிர்மலா ஏழு வருஷம் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்தவள். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நாலு பக்கத்துக்கு மேல் நகராது. "சிஸ்டம் ரொம்ப இழுக்குது சார்" என்று வாயைத் திறந்தால் போதும், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நாலு பேர் எதிரில் முதலாளி சிரிப்பார். ஊரடங்கு வந்ததும் முதலில் நிறுத்தப்பட்டவளும் அவள்தான். கை மெதுவாம். கொடுமை என்னவென்றால், அதை அவளும் நம்பிவிட்டாள்.

இப்போது கல்வராயன் மலையிலிருந்து வேடியப்பன் என்பவர் தன் மகளின் கல்யாண ஆல்ப வேலையை நேராக அவளிடமே கொடுத்திருந்தார். பத்து நாள் கெடு. சொன்ன நாளில் கொடுத்தால் சொந்தத் தொழில். தவறினால் ஊரடங்கில் போனதுபோல் கரும்பு வெட்டக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

மேஜைமேல் இரண்டு லேப்டாப். ஒன்று முப்பதாயிரத்துக்குள் அடங்கியது. மற்றது அதைப்போல் இரண்டு மடங்கு.

"எனக்கு இந்தக் கம்மி வெலையே போதுங்க. அது என் கைக்கு ஜாஸ்தி" என்றாள் நிர்மலா.

"ஏர்ல பூட்டிப் பாக்காம எவனாச்சும் மாடு வாங்குவானா?" என்றான் பகலவன். "ரெண்டுலயும் உன் வேலைய செஞ்சி பாரு."

"அதெல்லாம் வுட மாட்டோம்ணே" என்றார் சிவசங்கர்.

சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் கோஷம் எழுந்தது. இட ஒதுக்கீடு கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். கடைவீதி முழுக்க ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. சிவசங்கரும் இறக்கினார். உள்ளே மூன்று பேர், வெளியே கூட்டம், பஸ்ஸும் கிடையாது. சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்காருவது? இரண்டிலும் ஆல்பம் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தார்.

நிர்மலா பென் டிரைவைச் செருகி, முதலில் விலை குறைந்ததில் உட்கார்ந்தாள். ஒரு போட்டோவைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் வட்டம் சுற்றியது. அவளுக்கு அது பழக்கம்தான். ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

"பரவால்ல, ஸ்டூடியோவுக்கு இது மேல்" என்று எழுந்தாள்.

அடுத்ததில் உட்கார்ந்தாள். போட்டோவைத் திறக்கச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கைகளை மடியில் வைத்தாள்.

"இன்னாத்துக்குக் கைய மடக்கிக்கினு குந்தியிருக்கற? அதான் வந்து நிக்குதே!" என்றான் பகலவன்.

நிமிர்ந்தாள். மஞ்சள் பூசிய முகத்தோடு வேடியப்பன் மகள் திரை நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றைத் திறந்தாள். வந்தது. வெட்டினாள், நிறம் கூட்டினாள், பின்னணியில் மலையை ஏற்றினாள். கை நினைக்கும் முன்னே போனது. அவள் எதற்கும் காத்திருக்கவில்லை. வெளியே கோஷம் ஓய்ந்ததுகூடத் தெரியாமல், அதே முக்கால் மணி நேரத்தில் எட்டுப் பக்கம் முடித்துவிட்டாள்.

பிறகுதான் பக்கங்களை எண்ணிப் பார்த்தாள். ஏழு வருஷம் எத்தனை ஏச்சுக்கும் அழாதவளுக்கு இப்போது கண் நிறைந்தது. சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி.

"ஏங்க, நான் மெதுவு இல்லிங்க."

"எனக்குத் தெரியும். அந்த மொதலாளி கூடம் மெய்யாலுமே கோணல்தான்" என்றான் பகலவன்.

சிவசங்கர் ஷட்டரைத் தூக்கினார். "எதக்கா கட்டட்டும்?"

பகலவன் இடுப்புப் பையைத் தொட்டான். அதில் சனிக்கிழமைச் சந்தையில் காளை பிடிக்க வைத்திருந்த பணம் இருந்தது. வேறு நாளாக இருந்தால் "வேணாங்க" என்று அவளே தடுத்திருப்பாள்.

"இதையே கட்டுங்க" என்று விலை கூடியதைக் காட்டினாள். புருஷனிடம் திரும்பி, "உங்க மாட்டுக் காசு நாலு கல்யாணத்துல திரும்பிடும்" என்றாள்.

சிவசங்கர் பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

"வேடியப்பண்ணே, நிர்மலா பேசறேன். பத்து நாள் வேணாம், ஞாயித்துக்கெழமையே ஆல்பம் ரெடி. உங்க மலையில அடுத்து யார் வூட்டுல கல்யாணம்? அவங்க நம்பரக் குடுங்க."