பீலிக்குக் கீழே

செத்த வீட்டில் ஒரு பிளக்குக்காகச் சண்டை நடந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? விஜிதா பிடித்தது அந்தச் சண்டைதான். ஸ்பீக்கர் பெட்டியின் வயரை ஒரு கையால் பிடுங்கி, மறுகையில் வைத்திருந்த சார்ஜரைச் செருகினாள். வாசலில் ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு பாதி வரியில் நின்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் இருந்ததே ஒரு பிளக்தான்.

"என்னடி பண்ற? பெத்தவள நடுவுல போட்டுக்கிட்டு வண்டிக்கு சார்ஜ் போடுற?" பக்கத்துக் காம்பரா லெட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மூணு மணிக்குத் தூக்கணும்னுட்டாங்க அக்கா. இப்பவே ஒம்பது. இது நெறைய ஆறு மணிநேரமாவது வேணும்."

"அதுக்குப் பாட்ட நிப்பாட்டுவியா?"

"பாட்டு போட்டாலே அம்மாவுக்குத் தலவலி வரும். ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

லெட்சுமி சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போனாள். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறைந்தால் பச்சையாகும். விஜிதா அதன் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் எட்டு நாள் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே படுத்து எழும்பிய உடம்பு. அழக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் அந்தப் பேட்டரி ஸ்கூட்டர் சைப்ரஸிலிருந்து வந்தது. தங்கை நிசாந்தினி அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கிழவி போன பிறகு, வீட்டுக்காரர்கள் அவளுடைய ஸ்கூட்டரை இவளுக்கே கொடுத்துவிட்டார்கள். சீனி வருத்தத்தில் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டு நான்கு வருசமாகக் காம்பராவுக்குள்ளேயே கிடந்த அப்பாவுக்கு அவள் அதைக் கப்பலில் அனுப்பினாள். பெட்டியைப் பிரித்த அன்று தோட்டத்தின் அந்த டிவிசனே வந்து பார்த்தது.

கைப்பிடிக்கு நடுவில் ஒரு திருகு. ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். விசையை அமுக்கினால் ஓடும், விட்டால் தானே நிற்கும். தனியாக பிரேக் கிடையாது. பின்னால் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கைப்பிடி இருந்தது. அது மேலே இருந்தால்தான் மோட்டார் சக்கரத்தைப் பிடிக்கும். கீழே தள்ளிவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் எதுவும் அதைப் பிடிக்காது. "சரிவுல மஞ்சள தொடவே கூடாது அக்கா," என்று நிசாந்தினி போனில் மூன்று தடவை சொன்னாள். அதனால் விஜிதா பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து, பின்னேரங்களில் அப்பாவின் வண்டிக்குப் பின்னாலேயே நடப்பாள்.

அப்பா அழகையா இருபத்தெட்டு வருசம் தோட்டத்து லொறி ஓட்டியவர். திருகு தானாகவே முயல் பக்கம் போகும். உடனே வாசலிலிருந்து அம்மா ரெங்கம்மாவின் குரல் வரும். "ஆமையில வைங்க!"

"லொறிக்காரன ஆமையில போகச் சொல்றா பாரு," என்று அவர் முனகுவார். ஆனால் திருகைத் திருப்பிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேச்சு வந்தபோது ரெங்கம்மா கேட்டதும் அதுதான். "அவரு ஆமையிலதான போறாரு?" ஆமாம்மா என்றாள் விஜிதா. ஒரு வாரமாக அப்பா எதில் போனார் என்று அவளுக்குத் தெரியாது.

பதினோரு மணிக்குக் கொழும்பிலிருந்து தம்பி கிஷாந்தன் வந்து சேர்ந்தான். புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. அம்மாவின் காலடியில் விழுந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் பேசியது அப்பாவைப் பற்றித்தான்.

"அப்பா வீட்டுல இருக்கட்டும். மயானத்துக்கு அந்த ஒத்தையடிப் பாதையில எப்பிடிப் போறது?"

அழகையா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து வாயைத் திறக்காதவர் இப்போது திறந்தார்.

"நான் மண்ணு போடணும்."

"கதிரையில வச்சித் தூக்கிக்கிட்டுப் போறோம்பா. நாலு பேரு போதும்."

"ரெண்டு பொணமாடா தூக்கப் போறீங்க?"

விஜிதா எழுந்து தம்பியைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். "ஸ்கூட்டர் அகலம் ரெண்டடி. பாதை மூணடி. ஆமையில போட்டு மெதுவா எறக்கிரலாம். ஆனா அப்பாவ பெட்டிக்கு முன்னாடி அனுப்பு. தோள்ல பாரம் உள்ளவங்க நிக்க மாட்டாங்க. பின்னால விட்டா இவரு அவங்கள எட்டணும்னு முயலுக்கு மாத்திருவாரு."

"பொணத்துக்கு முன்னால புருசன் போறதா? ஊரு என்ன பேசும்?"

"ஊரு ஒரு நாள் பேசும்."

"இல்லக்கா, அது சரியில்ல," என்றான் அவன். அவள் சார்ஜருக்கே திரும்பினாள்.

நடுப்பகலில் கரண்ட் ஒரு மணிநேரம் நின்று திரும்ப வந்தது. மூன்றுக்குத் தூக்கும்போதும் விளக்கு சிவப்பாகவே இருந்தது.

தப்புப் பறை முழங்க லயத்திலிருந்து இறங்கினார்கள். மகன் நெருப்புச் சட்டியோடு முன்னால், அடுத்தது பெட்டி, அதற்குப் பின்னால் அழகையாவின் ஸ்கூட்டர். விஜிதா இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரத்தில், மலைத் தண்ணீர் கொட்டும் பீலி. பெண்கள் அதுவரைதான் வரலாம். அங்கேயே குளித்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் கீழே தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஒற்றையடிப் பாதை இறங்கும். அதன் அடியில் மயானம்.

கிஷாந்தன் கையில் சட்டி. அதனால் பீலியடியில் அவள் ஸ்கூட்டரைச் சித்தப்பா மகன் யதுர்ஷனிடம் ஒப்படைத்தாள். ஃபெக்டரியில் மெசின் பார்ப்பவன், விவரமானவன்.

"முதுக விடாம பிடிச்சிக்க. வண்டி நின்னா அப்பாட்ட திரும்ப அமுக்கச் சொல்லு. மஞ்சள மட்டும் தொடாத. கேக்குதா?"

"எனக்குத் தெரியாததா அக்கா? நீங்க போங்க," என்றான் யதுர்ஷன். தப்புச் சத்தத்தில் அவன் எவ்வளவு கேட்டானோ.

பெண்கள் பீலியில் தலையை நனைக்கத் தொடங்கினார்கள். விஜிதா நனைக்கவில்லை. மேட்டு விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாம் வளைவுக்கு முன்னால் ஒரு சிறு ஏற்றம். ஸ்கூட்டர் அதில் பாதியில் நின்றது. பேட்டரிக்கு ஏற இழுவையில்லை. பெட்டி ஏற்றத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அழகையா கையை நீட்டி என்னவோ சொன்னார். யதுர்ஷன் பின்னால் குனிந்தான்.

"அடேய், மஞ்சள்ல கை வைக்காத!"

தப்பு அந்தக் கத்தலை விழுங்கிவிட்டது. அவள் பாதையில் ஓடவில்லை. கொழுந்து எடுக்கிறவளுக்குப் பாதை எதற்கு? நேரே தேயிலை நிரைகளுக்குள் இறங்கினாள். வடிகால் கான்களைத் தாண்டினாள். செடியின் வாது கையைக் கிழித்தது, சேலை எங்கோ மாட்டிக் கிழிந்தது. மேலேயிருந்து லெட்சுமி, "ஏய் விஜிதா! பீலியத் தாண்டாத!" என்று அலறுவது கேட்டது.

யதுர்ஷன் தள்ளிய தள்ளலில் ஸ்கூட்டர் ஏற்றத்தின் உச்சிக்கு வந்து, மறுபக்கம் தலை சாய்த்தது. அவன் பிடி வழுக்கியது. அழகையா விசையை விட்டார். வண்டி நிற்கவில்லை. திரும்ப அமுக்கிப் பார்த்தார், திரும்ப விட்டார். எதுவும் பிடிக்கவில்லை. கீழே அறுபதடி தூரத்தில் நான்கு முதுகுகள், அவற்றின் மேலே பெட்டி. அவர் கைப்பிடியை வெட்டித் திருப்பி வண்டியின் ஒரு பக்கத்தைத் தேயிலையில் உரசவிட்டார். வேகம் கொஞ்சம் செத்தது. நிற்கவில்லை.

விஜிதா செடிகளுக்குள்ளிருந்து பாதைக்குக் குதித்து, இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து தொங்கினாள். குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டு போனது. ஒரு கையை விட்டு மஞ்சள் கைப்பிடியைத் தேடி மேலே இழுத்தாள். டக்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. பெட்டிக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற தூரம் இருந்தது.

தப்பு நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். முதலில் பேசியது தோட்டக் கமிட்டித் தலைவர்தான். வயதானவர், சட்டம் பேசுகிறவர்.

"பொம்பள பீலியத் தாண்டி வரலாமாம்மா? இந்தத் தோட்டத்துல நடந்திருக்கா? மேல போ. வண்டிய யதுர்ஷன் பாத்துக்குவான்."

"பாத்தானே," என்றார் அழகையா. மூச்சு வாங்கியது. "அவ மேல போனா என்னயும் இங்கயே விட்டுட்டுப் போங்க."

"சட்டுன்னு சொல்லுங்கய்யா, தோள் விட்டுப் போகுது!" பெட்டி தூக்கியவர்களில் ஒருவன் கத்தினான்.

கிஷாந்தன் சட்டியோடு நின்று அக்காவைப் பார்த்தான். அவள் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு தலைவரைப் பார்த்தான். தலைவர் போவென்றும் சொல்லவில்லை, வாவென்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தார். தப்பு மறுபடி தொடங்கியது.

மிச்ச இரண்டு வளைவும் விஜிதா வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அழகையா திருகை ஆமைப் பக்கம் கடைசிவரை திருப்பியிருந்தார். ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

குழிக்குக் கிட்டே வண்டி போகவில்லை, மண் குவிந்து கிடந்தது. யதுர்ஷன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கை மண்ணை அவரிடம் கொண்டுவந்து நீட்டினான். அழகையா வாங்கவில்லை. ஒரு பக்கம் மகனும் ஒரு பக்கம் மகளும் பிடிக்க, ஒற்றைக் காலில் குழி ஓரத்துக்குப் போனார். அவரை மெல்லக் குனிய வைத்தார்கள். அவர் ஒரு பிடி மண் அள்ளினார். நிமிர்ந்து, அதில் பாதியை விஜிதாவின் உள்ளங்கையில் தட்டினார்.

தலைவர் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போட்டார். பிறகு அவள் போட்டாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு, பீலியைத் தாண்டி, குழிமேட்டில் பால் ஊற்றப் போனார்கள். அழகையா, கிஷாந்தன், தலைவர், இன்னும் மூன்று ஆண்கள், விஜிதா.