நிழலில் எண்ணிய மரங்கள்

அபுதாபியின் மேற்குப் பாலையில் தாரகன் நட்டு வளர்த்த காஃப் மரக் காட்டில், அவன் இறந்த மறு வருடம், 2006இல், கணக்கெடுப்பு நடந்தது. மரங்கள் அடர்த்தியாக இல்லை என்று அறிக்கை சொன்னால்தான் பட்டுப்போன இடங்களுக்குப் புதுக் கன்றுகள் வரும். காட்டைப் பராமரித்த கம்பனியின் அலுவலகத்தில் வேலை பார்த்த அவன் மனைவி குமுதினி, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு கூடப் போனாள்.

கணக்கெடுக்க வந்த எஞ்சினியர் விஜயபாஸ்கரின் முறை எளிது. வண்டியை நிறுத்துவார், இறங்கிய இடத்தில் முளை அடிப்பார், பத்து மீட்டர் கயிற்றால் வட்டம் போட்டு உள்ளே நிற்கும் மரங்களை எண்ணுவார். சில வட்டங்களின் சராசரியை வைத்து முழுக் காட்டுக்கும் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெரிய மனிதர் நிழலில் மட்டுமே வண்டியை நிறுத்துவார். அதனால் எல்லா வட்டத்துக்குள்ளும் மரங்கள் கூட்டமாக நின்றன.

“நல்ல அடர்த்தி மேடம். புதுக் கன்னே தேவையில்ல, கலாஸ், வேல முடிஞ்சுது!”

“மரமில்லாத வெட்டையில ஒரு வட்டம் போடுங்கோ சேர்.”

“வெயில்ல வண்டிய நிறுத்துனா ஏசி தாங்காதுங்க.”

“காட்டை அளக்கிறீங்களோ, உங்கட ஏசிக்கு இடம் பாக்கிறீங்களோ?”

குமுதினி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய், தாரகனின் கன்றுகள் பட்டுப்போயிருந்த வெளியில் தானே வட்டம் போட்டாள். உள்ளே ஒரு மரமும் இல்லை.

அவர் வண்டிக் கண்ணாடியைப் பாதி இறக்கினார். “பூஜ்யம்னா ஹெட் ஆபீஸ்ல திட்டுவாங்க. ஒண்ணுன்னு போட்டுக்குங்க.”

“போடுறன் சேர். நீங்கள் வந்து இதில நில்லுங்கோ, போடுறன்.”

கண்ணாடி ஏறிக்கொண்டது. அவள் பூஜ்யம் என்றே எழுதிவிட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு அடுத்த வெளிக்கு நடந்தாள்.